முள்ளம்பன்றியும் வீடியோ கேம் பெட்டியும்

ஒரு காட்டில், சிக்னல் நன்றாகக் கிடைக்கும் ஆற்றங்கரைப் பக்கமாக, கூர்வேலன் என்றொரு முள்ளம்பன்றி வாழ்ந்து வந்தது. நல்ல குணம். பேச்சிலும் கலகலப்பு. இருந்தும் அதனோடு விளையாட ஒருவரும் வருவதில்லை.

சாயங்காலமானால் முயல்கள் மைதானத்தில் சடுகுடு ஆடும்.

"என்னையும் சேத்துக்கங்களேன்" என்று கூர்வேலன் கேட்கும்.

"உன்னை நாங்க பிடிச்சா எங்களுக்கு ரத்தம் வரும். எங்களை நீ பிடிச்சா உயிரே போயிரும். தள்ளி நில்லு கூரா" என்று பஞ்சு என்ற முயல் சொல்லும். அதில் பொய் ஒன்றும் இல்லை. அதுதான் கூர்வேலனுக்கு வருத்தம்.

ஒரு கோடையில் மைதானம் காலியானது. முயல்கள் ஆளுக்கொரு வீடியோ கேம் பெட்டி வாங்கி, அவரவர் வளையில் இருந்தபடியே ஒன்றாகச் சேர்ந்து விளையாடத் தொடங்கிவிட்டன. கேள்விப்பட்டதும் கூர்வேலனுக்கு நெஞ்சு நிறைந்தது. யாரையும் தொடாமல் எல்லாரோடும் விளையாடலாம்! தனக்காகவே கண்டுபிடித்ததுபோல் இருந்தது.

பெட்டி விற்ற கடை, கருணாகரன் என்ற நரியுடையது. அந்தக் காட்டில் காசு கிடையாது. அவரவர் உடம்பில் முளைப்பதைக் கொடுத்துத்தான் எதையும் வாங்க வேண்டும். முயலுக்கு ரோமம், மயிலுக்குத் தோகை, முள்ளம்பன்றிக்கு முள்.

"அண்ணாச்சி, பெட்டி என்ன விலை?"

"உனக்கு வால்முள் மட்டும் போதும் தம்பி."

முள்ளைப் பிடுங்கினால் வலிக்கும். ஆகவே கூர்வேலன் வீட்டுக்குப் போய்க் கொஞ்சநாள் யோசித்தது. யோசித்து முடித்து வந்தபோது விலை வாலும் இடுப்புமாக ஏறியிருந்தது.

"என்ன அண்ணாச்சி, அதே பழைய பெட்டிதானே? பழசானா விலை இறங்கணுமே?"

"இது என்ன கத்தரிக்காயா, வாடினா விலை இறங்குறதுக்கு? பெட்டிக்குள்ள வைக்கிற சிப்பு கிடைக்கலை தம்பி. அம்புட்டையும் மலை மேல யோசிக்கிற மெஷின் ஒண்ணுக்கு அள்ளிட்டுப் போறாங்க."

"அது என்னத்த யோசிக்குது?"

"விலையை இன்னும் எவ்வளவு ஏத்தலாம்னுதான்."

இதற்கு மேல் யோசித்தால் கழுத்துவரை வந்துவிடும் என்று பயந்து, கூர்வேலன் பல்லைக் கடித்துக்கொண்டு வாலையும் இடுப்பையும் மொட்டையாக்கிக் கொடுத்தது. வீட்டில் வந்து பெட்டியைத் திறந்தால் உள்ளே விளையாட்டு எதுவும் இல்லை. திரும்ப ஓடியது.

"பெட்டி வேற, கேம் வேற தம்பி. இலை வாங்கினா சோறு சும்மா வருமா?"

சடுகுடு விளையாட்டுக்கு முதுகு போனது. அதையும் போட்டுப் பார்த்தால், தனியாக ஆடத்தான் அனுமதி. மற்றவர்களோடு சேர்ந்து ஆட வேண்டுமென்றால் சந்தா கட்ட வேண்டும் என்று திரையில் வந்தது. தனியாக ஆடப் பெட்டி எதற்கு? சந்தாவுக்குக் கழுத்தும் தோளும் போயின.

திரும்பும் வழியில் தண்ணீர் குடிக்க ஆற்றில் குனிந்தால், உள்ளே ஒரு பெரிய எலி தெரிந்தது. யார் பெற்ற பிள்ளையோ, பாவம் என்று நினைத்துக்கொண்டே கூர்வேலன் நடந்தது.

பெட்டியைப் போட்டது. திரையில் மைதானம் விரிந்தது. முயல்கள் எல்லாம் இருந்தன. ஒவ்வொன்றும் தலையிலிருந்து வால்வரை பளபளக்கும் முள் கவசம் போட்டிருந்தது.

"பஞ்சு! நான்தான், கூர்வேலன்! வந்துட்டேன்!"

"அட கூரா! வா வா… என்னடா இது, வெறும் உடம்போட வந்து நிக்கிறே? முள்ளு எங்க?"

"முள்ளா?"

"முள் கவசம்டா. இப்ப அதுதான் எல்லாரும் போடுறாங்க. அண்ணாச்சி தனியா விக்கிறாரு. நாங்க குளிருக்கு வச்சிருந்த ரோமத்தையெல்லாம் குடுத்து வாங்கினோம். அது இல்லாதவங்களை டீம்ல சேக்கிறதில்லை. கோவிச்சுக்காதே, பாக்கவே ஒரு மாதிரியா இருக்கு."

கூர்வேலன் கடைக்கு ஓடியது. நரி கதவைச் சாத்திக்கொண்டிருந்தது.

"அண்ணாச்சி, அந்த முள் கவசம் என்ன விலை?"

நரி அதை மேலும் கீழும் பார்த்தது. அதன் கண்ணில் உண்மையாகவே இரக்கம் இருந்தது.

"உடம்பு நிறைய முள்ளு தம்பி. கொஞ்சம் முன்னாடி வந்திருக்கக் கூடாதா?"

நீதி: உடம்பில் முள் இருந்தால் ஒருவரும் சேர்த்துக்கொள்ள மாட்டார்கள். அதையே விலைக்கு விற்றால் எல்லாரும் வாங்கி மாட்டிக்கொள்வார்கள். ஆகவே முள்ளைப் பிடுங்காமல், அதன் விலையை ஏற்றவும்.