ஒரு வீட்டில் இரண்டு சாம்பார்

சிங்கப்பூர்,
19.3.1983

அன்புத் தங்கை உர்சுலாவுக்கு,

அண்ணன் சூசைநாதன் ஈப்போவுக்கு எழுதும் வெற்றிக் கடிதம். நீயும் மாப்பிள்ளை ஜார்ஜும் பிள்ளைகளும் மாதாவின் தயவால் சுகமாக இருப்பீர்கள் என்று நம்புகிறேன். இங்கே நானும் என் வலது காலும் சுகம். இடது கால் கட்டைக்கால் என்பதால் அதற்கு ஒன்றும் வருவதற்கில்லை.

போன கடிதத்தில் நீ எழுதியது ஞாபகம் இருக்கிறதா? "ஆபீஸ்காரங்களோட மல்லுக்கு நிக்காதீங்க அண்ணே, கன்னியாஸ்திரீங்க நடத்துற முதியோர் இல்லத்துல பேரைக் குடுத்துட்டு நிம்மதியா இருங்க" என்று எழுதியிருந்தாய். உன் அண்ணன் எதிலும் தோற்பவன் என்பது உனக்குச் சின்ன வயதிலிருந்தே உள்ள எண்ணம். இதைப் படித்த பிறகு அந்த எண்ணத்தை மாற்றிக்கொள்.

கப்பல் பட்டறையில் கால் போனதிலிருந்து எனக்கு மாத உதவித் தொகையும், சிராங்கூன் சாலைக்குப் பின்னால் இருக்கும் இந்த ஓரறை வீட்டுக்கு வாடகைச் சலுகையும் கிடைத்து வருவது உனக்குத் தெரியும். ஊனமுற்றவன், தனியாள், வருமானம் இல்லாதவன் என்பதற்காகக் கொடுப்பது. போன வருடம் குளியலறையில் வழுக்கி விழுந்து, கூப்பிட நாதியில்லாமல் அரை நாள் கிடந்தேன் அல்லவா, அதற்குப் பிறகு பயம் வந்துவிட்டது. கூட ஓர் ஆள் இருக்கட்டும் என்று முறைப்படி மனுப் போட்டு, துவாஸில் ஒரு தொழிற்சாலைக்கு இரவுக் காவலுக்குப் போகும் வடிவேலுவை வீட்டில் சேர்த்துக்கொண்டேன். அங்கேதான் வினை பிடித்தது. உதவித் தொகை ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது: வீட்டில் சம்பளக்காரர் ஒருவர் இருப்பதால் நீங்கள் இருவரும் ஒரே குடும்பமா என்று நேரில் வந்து பார்ப்போம், ஒரே குடும்பம் என்றால் அவர் சம்பளமும் உங்கள் வருமானமாகக் கொள்ளப்படும், சலுகை, உதவித் தொகை இரண்டும் நிற்கும். ஆள் இல்லாவிட்டால் விழுந்து கிடக்க வேண்டும், ஆள் இருந்தால் பட்டினி கிடக்க வேண்டும். இது எந்த ஊர் நியாயம், நீயே சொல்.

இரண்டு பஸ் மாறி ஆபீஸுக்குப் போய், ஒரே குடும்பம் என்றால் என்ன அர்த்தம் என்று கேட்டேன். கவுன்டரில் இருந்த பெண் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஒரே அடுப்புல ஆக்கிச் சாப்பிட்டா ஒரே குடும்பம், அங்கிள்" என்றாள். எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அப்படிப் பார்த்தால் எங்களைப் போல இரண்டு குடும்பங்கள் இந்தத் தீவிலேயே கிடையாது. வடிவேலு முருக பக்தர், சுத்த சைவம், வெங்காயம் பூண்டுகூட ஆகாது. எனக்குக் கருவாடு இல்லாமல் சோறு இறங்காது. சமையலறை நடுவே சாக்பீஸால் கோடு கிழித்து, அந்தப் பக்கம் அவர் மண்ணெண்ணெய் அடுப்பு, இந்தப் பக்கம் என் மண்ணெண்ணெய் அடுப்பு, உப்பு ஜாடிகூட இரண்டு. நான் கருவாடு வறுத்தால் அவர் நான்கு ஊதுபத்தி கொளுத்துவார். ஆபீசர் எப்போது வேண்டுமானாலும் வரட்டும், மாடிப்படி ஏறும்போதே மூக்கு சாட்சி சொல்லிவிடும் என்று தைரியமாக இருந்தேன்.

வந்தார். போன வாரம் வெள்ளிக்கிழமை வந்தார். அதுவும் தவக்காலத்து வெள்ளிக்கிழமை! அன்றைக்கு இறைச்சி, மீன் எதையும் தொடுவதில்லை என்று நான் மாதாவுக்கு நேர்ந்துகொண்டிருப்பது உனக்குத் தெரியுமே. நான் முருங்கைக்காய் சாம்பார் வைத்திருந்தேன். வடிவேலு என்ன வைத்திருந்தார் என்று நினைக்கிறாய்? அவரும் அதையேதான் வைத்திருந்தார். ஆபீசர் அப்துல் அலீம் சின்ன வயதுக்காரர், மரியாதையானவர், டை கட்டியிருந்தார். ஒரு மூடியைத் திறந்தார், அடுத்த மூடியைத் திறந்தார், என்னைப் பார்த்தார்.

"ஒரே குழம்பைப் பிரிச்சு ரெண்டு சட்டியில ஊத்தி வச்ச மாதிரி இருக்கே, ஐயா?"

"இல்ல சார், நேத்து வந்திருந்தா கருவாடு. நாளைக்கு வந்தாலும் கருவாடு. இன்னைக்கு ஒரு நாள்தான் சார்!"

"எனக்கு ஜும்மாவுக்கு நேரமாச்சு, ஐயா. பார்த்ததைத்தானே நான் எழுத முடியும்?"

பேனாவைத் திறந்துவிட்டார். உர்சுலா, எனக்குக் கண் கலங்கிவிட்டது. இல்லத்து இரும்புக் கட்டிலில் நான் படுத்திருப்பது அப்படியே தெரிந்தது. அந்த நேரத்தில், இரவு வேலை முடிந்து தூங்கிக்கொண்டிருந்த வடிவேலு எழுந்து வந்தார். எனக்குப் பரிந்து பேச வந்தார் என்று நினைக்காதே. தன் சாம்பாருக்குப் பரிந்து பேச வந்தார்.

"சார், நீங்க என்ன வேணும்னாலும் எழுதுங்க. ஆனா அந்த ஆளோட குழம்பையும் என்னோடதையும் ஒண்ணுன்னு மட்டும் எழுதாதீங்க. ரெண்டையும் ருசி பாருங்க."

ஆபீசர் வேண்டாம் என்று சொல்வதற்குள் கையில் கரண்டி வந்துவிட்டது. அவர் முதலில் என் சாம்பாரைச் சுவைத்து, "நல்லா இருக்கே" என்றார். அவ்வளவுதான், வடிவேலுவுக்கு வந்ததே கோபம்.

"இதுவா நல்லா இருக்கு? பூண்டைக் கொட்டி வச்சிருக்கான் சார், நாத்தம் லிஃப்ட் வரைக்கும் போகுதுலா!"

"யோவ், உன்னுது சாம்பாரா? மஞ்சத் தண்ணி! அதை மாட்டு மேலதான் தெளிக்கணும்."

"கோட்டைத் தாண்டி வந்து என் உப்பைத் திருடுனது யாரு? போன தீபாவளிக்கு முந்தின நாள்!"

"உன் ஊதுபத்திச் சாம்பல் என் சோத்துல விழுந்துச்சே, அன்னைக்கு நான் எதாச்சும் கேட்டேனா?"

இதில் நடிப்பு ஒரு துளிகூட இல்லை, தங்கச்சி. ஒன்பது மாதமாக நெஞ்சில் கிடந்ததெல்லாம் வெளியே வந்தது. ஆபீசர் முருங்கைக்காய்த் துண்டை மெல்லவும் முடியாமல் துப்பவும் முடியாமல் எங்கள் இருவருக்கும் நடுவில் நின்றார். பிறகு சுவரோடு சாய்ந்து விறுவிறுவென்று எழுதினார். கையெழுத்துக்கு நீட்டும் முன் வாசித்தும் காட்டினார்: "இவ்விருவரும் ஒரே குடும்பம் அல்லர். இனிமேல் ஆவார்கள் என்பதற்கான அறிகுறியும் காணப்படவில்லை." பேனாவைப் பிடுங்காத குறையாக வாங்கிக் கையெழுத்துப் போட்டேன்.

புதன்கிழமை உத்தரவு வந்துவிட்டது. உதவித் தொகையும் தொடரும், சலுகையும் தொடரும். நான் லூர்து மாதா கோயிலில் மெழுகுவர்த்தி ஏற்றினேன். வடிவேலு காளியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்தார். அரசாங்கத்தாரே வந்து பார்த்து, நாங்கள் ஒட்டாதவர்கள் என்று முத்திரை குத்திக் கொடுத்திருக்கிறார்கள். கன்னியாஸ்திரீகளிடம் என் பெயருக்கு இனி இடம் பார்க்க வேண்டாம் என்று சொல்லிவிடு. மாப்பிள்ளையிடமும் வாசித்துக் காட்டு, கொஞ்சம் சத்தமாக.

பிள்ளைகளை நான் ஆசீர்வதித்ததாகச் சொல். அவர்களுக்கு இரண்டு காலும் என் வாயும் இருக்கட்டும்.

இப்படிக்கு,
வென்ற அண்ணன்,
சூசைநாதன்

பின்குறிப்பு: உறையை ஒட்டிய பிறகு பிரித்து எழுதுகிறேன். இன்று திங்கட்கிழமை. வாடகை வீட்டு ஆபீஸிலிருந்து வேறு ஒரு கடிதம் வந்திருக்கிறது. அப்துல் அலீமின் அறிக்கை அங்கேயும் போயிருக்கிறது. ஓரறை வீட்டில் இரண்டு குடும்பங்கள் இருக்க விதியில்லையாம். ஒருவர் மாத முடிவுக்குள் காலி செய்ய வேண்டும், அல்லது இருவரும் ஒரே குடும்பம் என்று கடிதத்தோடு வந்த படிவத்தில் எழுதிக் கொடுக்க வேண்டும். ஒரே குடும்பம் என்றால் என் சலுகையும் உதவித் தொகையும் போய்விடும். வடிவேலுவிடம், "நீ கிளம்பிடுய்யா, உனக்கு எங்கேயும் இடம் கிடைக்கும்" என்றேன். அவர் கடிதத்தை இரண்டு முறை படித்தார். "நான் போயிட்டு, நீ பாத்ரூம்ல விழுந்து கிடக்கவா? சலுகை போனா போவுதுலா. என் சம்பளத்துல ரெண்டு பேரும் சாப்பிடலாம். அந்த ஃபாரத்தை எடு" என்றார். அழுதேன் என்றே வைத்துக்கொள். அங்கேயே படிவத்தை நிரப்பி, நாங்கள் ஒரே குடும்பம் என்று இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டோம். 'குடும்பத் தலைவர்' என்ற கட்டம் மட்டும் காலியாக இருக்கிறது. அதில் யார் பெயரை எழுதுவது என்ற தகராறில் காலையிலிருந்து இருவரும் பேசிக்கொள்வதில்லை.