செயப்படுபொருள் விடுபட்ட ஒரு மணி நேரம்

அன்புள்ள மைத்துனருக்கு,

இங்கே நானும் உங்கள் அக்காவும் சௌக்கியம், அவள் முழங்கால் தவிர. அங்கே நீங்கள், தங்கை, பிள்ளைகள் எல்லாரும் நோய்நொடியின்றி இருப்பீர்கள் என்று நம்புகிறேன். போன தடவை வந்திருந்தபோது, சாப்பிட்டுக் கை கழுவிக்கொண்டே என்னிடம் ஒன்று கேட்டீர்கள்: "பூமி சூடாகுது, பூமி சூடாகுதுன்னு சொல்றீங்களே மச்சான், இந்தத் தெருவுல நாலு பேர் விளக்கை நிறுத்தினா அது குளிர்ந்திடுமா?" அன்றைக்குத் துண்டை எடுத்துக் கொடுத்ததோடு சரி. இப்போது நாங்கள் செய்து பார்த்துவிட்டோம். குளிர்ந்ததா என்பது வேறு விஷயம். நீங்கள் முப்பது வருஷம் வீடுவீடாக மீட்டர் பார்த்தவர் என்பதால் உங்களிடம் ஓர் உதவி கேட்க வேண்டியிருக்கிறது, அதற்குத்தான் இந்தக் கடிதம்.

எங்கள் தெருவில் கோயில், பள்ளிவாசல், சர்ச் மூன்றும் இருப்பது உங்களுக்குத் தெரியும். மூன்றுக்கும், எங்கள் வீடு உட்பட நடுவில் இருக்கிற பதினொரு வீட்டுக்கும் ஒரே டிரான்ஸ்பார்மர். வெயில் ஏற ஏற எல்லாரும் விசிறியை ஏற்ற, அது தினம் சாயங்காலம் படுத்துவிடும். போன மாதம் பிரார்த்தனை நடுவில் விசிறி நின்று சர்ச்சில் இரண்டு பேர் மயங்கி விழுந்தார்கள். இந்த நிலையில் மின்வாரியத்திலிருந்து ஒரு அறிவிப்பு: சனிக்கிழமை மாலை ஒரு மணி நேரம் தெருவே சேர்ந்து மின்சாரத்தைப் பாதியாகக் குறைத்துக் காட்டினால், மூன்று கூரைக்கும் சூரியத் தகடு போட்டுத் தருவார்கள். வழக்கமாக அந்த ஒரு மணி நேரத்தில் நாற்பது யூனிட் ஓடும், இருபதுக்குள் வர வேண்டும். பூசாரி, இமாம், பாதிரியார் மூன்று பேரும் சேர்ந்து ஒரு குழு அமைத்து, தமிழ் வாத்தியார் ஆச்சே என்று என்னைச் செயலாளராக்கினார்கள்.

முதல் வேலை பதாகை. பிளாஸ்டிக் வேண்டாம், துணியில் எழுதுவோம் என்றார் பாதிரியார். பெயின்டர் துணியை அளந்துவிட்டு, "ஆறடிதான் சார் இருக்கு. எழுத்து பெரிசா வேணுமா, வார்த்தை நிறைய வேணுமா?" என்றார். எழுத்துதான் பெரிதாக இருக்க வேண்டும் என்று சொல்லி, நான் எழுதி வைத்திருந்த வாக்கியத்திலிருந்து "விளக்கையும் விசிறியையும்" என்பதை என் கையாலேயே அடித்தேன். முப்பத்தாறு வருஷம் செயப்படுபொருளை விடாதே, விடாதே என்று பிள்ளைகளைப் பெஞ்சு மேல் ஏற்றியவன் நான். பதாகை இப்படி ஏறியது: "சனிக்கிழமை மாலை 6 முதல் 7 வரை மூன்று சமயத்தாரும் ஒன்றாக அணைப்போம்."

எனக்கு அதில் ஒரு குறையும் தெரியவில்லை. செவ்வாய்க்கிழமை இமாம் என்னை ஓரமாகக் கூப்பிட்டு, "சார், ஒரு மணி நேரம்னு போட்டிருக்கீங்க, கை வலிக்காதா?" என்றார். "ஒரு தடவை அணைச்சாப் போதும் ஹஸ்ரத், அப்புறம் அப்படியே விட்டுடணும்" என்றேன். "அப்படியேவா?" என்றார். "ஆமா, நடுவுல ஒரு நிமிஷம் விட்டாலும் கணக்குல சேராது." அவர் தாடியைத் தடவிக்கொண்டே போய்விட்டார். மறுநாள் பூசாரி வந்தார். யார் யாரை என்று ஏதாவது பட்டியல் உண்டா என்று கேட்டார். சுவிட்சுகளை ஆளுக்கொன்றாகப் பிரித்துக்கொள்வதைத்தான் சொல்கிறார் என்று நினைத்து, "பட்டியல் எதுக்கு, அவங்கவங்க கைக்கு எட்டினதை அணைக்க வேண்டியதுதான். எது ரொம்பப் பெரிசோ, எது சீக்கிரம் சூடாகுதோ, அதை முதல்ல" என்றேன். "அப்ப தர்மகர்த்தாதான்" என்று பெருமூச்சு விட்டார். அவருக்கு நாக்கு குழறிவிட்டது என்று நினைத்துக்கொண்டேன், வேறு என்ன நினைக்க?

சனிக்கிழமை பரபரப்பாக மோட்டாரைப் போட்டுக் குளித்து, வெள்ளைச் சட்டை மாட்டி ஆறு மணிக்குப் போனால் தெருவே பவுடர் வாசனை. மூன்று வாசலிலும் சீரியல் விளக்கு. கோயிலில் இருக்கிற ஃபோகஸ் லைட் எல்லாம் தெருவைப் பார்த்துத் திரும்பியிருக்கிறது, ஆள் அடையாளம் தெரிய வேண்டுமாம். ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் ஒரு பக்கம், வரிசை கட்டி நிற்கிறார்கள். தர்மகர்த்தா நல்ல பருமன், அவருக்கு எதிரே பூசாரி கண்ணை மூடிக்கொண்டு தயாராக இருக்கிறார். டிரான்ஸ்பார்மர் அடியில் லைன்மேன் நோட்டை வைத்துக்கொண்டு, "சார், மீட்டர் பறக்குது" என்றார். அப்போதுதான் பதாகையை நிமிர்ந்து பார்த்தேன். எதை அணைப்போம் என்று அதில் இல்லவே இல்லை மாப்பிள்ளை.

"விளக்கை" என்றேன். யாருக்கும் கேட்கவில்லை. நாற்காலி மேல் ஏறி, "விளக்கை, விளக்கை அணைக்கணும், ஆளை இல்ல" என்று கத்தினேன். பிறகு பாதிரியார், "வாரம் முழுக்க மனசைத் தயார் பண்ணி வந்திருக்கோம் சார், இனிமே எப்படித் திருப்பி அனுப்பறது?" என்றார். அவரவர் ஓடிப்போய் விளக்கையும் விசிறியையும் நிறுத்திவிட்டு வந்து, அந்த மங்கல் வெளிச்சத்தில் கட்டிப்பிடித்தார்கள். தர்மகர்த்தாவுக்கு மூச்சு வாங்கியதில் இமாம் விசிறிவிட்டார். லைன்மேன் நல்ல மனிதர், ஆறேகாலிலிருந்து ஏழேகால் வரைக்கும் எடுத்துக்கொள்கிறேன் என்றார். மொத்தத் தெருவும் அவர் நோட்டைச் சுற்றி நின்றது.

இருபத்தொன்று.

ஒரே ஒரு யூனிட். அத்தனை அன்பும் அங்கேயே வடிந்துவிட்டது. பள்ளிவாசல் மோட்டார் ஓடியிருக்கும் என்கிறார் தர்மகர்த்தா. சர்ச் ஃப்ரிட்ஜை யார் பார்த்தது என்கிறார் இமாம். கோயில் பின்பக்க பல்பு எரிந்ததை என் கண்ணால் பார்த்தேன் என்கிறார் பாதிரியார். நானும் சும்மா இருக்கவில்லை. மூன்று நாளாக டார்ச்சும் நோட்டுமாக மூன்று இடத்துக்கும் போய், பரீட்சை ஹாலில் பிட் தேடுகிற மாதிரி சுவிட்ச் பலகைகளைத் துருவிக்கொண்டிருக்கிறேன். போகிற இடமெல்லாம் என்னையும் முறைக்கிறார்கள். குழுவைக் கலைத்துவிடலாம் என்று நேற்று மூன்று பேரும் தனித்தனியாக வந்து சொன்னார்கள், அதில் மட்டும் ஒற்றுமை. லைன்மேன் வெள்ளிக்கிழமை அறிக்கை அனுப்புகிறார், தகடு போனது போனதுதான். அதற்குள் அந்த ஒரு யூனிட்டைத் திருடியவர் யார் என்று கண்டுபிடிக்க உங்கள் அனுபவத்தில் ஏதாவது வழி இருந்தால் உடனே சொல்லுங்கள். ஆளைப் பிடித்துவிட்டால் மற்ற இரண்டு பேரையாவது சமாதானப்படுத்தலாம்.

பிள்ளைகளுக்கு என் ஆசீர்வாதம். தங்கைக்கு அக்காவின் அன்பு. எல்லாரும் நிறைந்த ஆயுளோடு, தடையில்லாத மின்சாரத்தோடு வாழ வேண்டும்.

இப்படிக்கு,
உங்கள் மச்சான்

பின்குறிப்பு: கடிதத்தை ஒட்டுவதற்கு முன் உங்கள் அக்கா வாங்கிப் படித்தாள். மோட்டாரைப் போட்டுக் குளித்தேன் என்ற இடத்தில் விரலை வைத்து, "நிறுத்தினீங்களா?" என்றாள். சனிக்கிழமை ஏழரை மணிக்கு அவள் வீடு திரும்பியபோது மாடித் தொட்டி வழிந்து படிக்கட்டெல்லாம் வெள்ளமாம். அவள்தான் நிறுத்தியிருக்கிறாள். நம் மோட்டார் ஒன்றரை குதிரைத்திறன், ஒரு மணி நேரத்துக்கு ஒரு யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே. "ஏன்டி மூணு நாளாச் சொல்லல?" என்றேன். "ஊரையெல்லாம் கேட்டீங்க, என்னைக் கேட்டீங்களா?" என்றாள். ஆகவே மேலே எழுதியதை விட்டுவிடுங்கள். சட்டை மாட்டிக்கொண்டு மூன்று வாசலுக்கும், பிறகு லைன்மேன் வீட்டுக்கும் போகிறேன். இன்னொரு சனிக்கிழமை கொடுங்கள் என்று காலில் விழாத குறையாகக் கேட்பேன். நீங்கள் இன்று சாயங்காலம் ஒன்று மட்டும் செய்து பாருங்கள்: வீட்டில் எல்லா சுவிட்சையும் நிறுத்திவிட்டு, உங்கள் மீட்டர் நிஜமாகவே நிற்கிறதா என்று அதன் முன்னால் ஐந்து நிமிஷம் நில்லுங்கள்.