ஒல்லியாகிப்போன கொடுவா

ஒரு ஊரில் ஓர் ஆறு. ஆற்றில் ஒரு கொடுவா மீன். மீனைப் பிடித்தவன் ஒருவன். அவனைப் பிடித்தவள் ஒருத்தி. ஊர், ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்துக் கடலோரம். அவன் டெஸ்மண்ட், அவள் லொரேன்.

டெஸ் பிடித்த கொடுவா அவன் நெஞ்சு உயரம். அந்த ஊர்ச் சட்டப்படி குஞ்சையும் ஆற்றில் விட்டுவிட வேண்டும், அளவு மீறிய பெருமீனையும் விட்டுவிட வேண்டும். விட்டான். மிஞ்சியது ஒரு படம். தலையை டெஸ் பிடித்திருந்தான், வாலை லொரேன். நடுவில் படகையே அடைத்துக்கொண்டு மீன்.

பக்கத்து வீட்டு மெர்வ் மட்டும் நம்பவில்லை.

"கிளப்புல பெரிய திரையில காட்டு மாப்ளே, அப்ப நம்பறேன்."

கிளப் ஆண்டு விழாவுக்கு உறுப்பினர்களின் படங்களைத் தயார் செய்யும் வேலையை டெஸ் வலியப் போய் வாங்கிக்கொண்டான். கிளப்புச் சுவரில் இடம் போதாமல் டிவியை நெட்டுக்குத்தாக மாட்டியிருந்தார்கள். படங்களோ எல்லாம் அகலவாட்டம். ஒவ்வொன்றாகச் சரிசெய்ய அவனுக்கென்ன கிறுக்கா? புரோகிராம் எழுதினான். திரையின் அகலம் இது, உயரம் இது, அதில் அடக்கு. தட்டினான். அடங்கின.

லொரேன் டீக் கோப்பையோடு எட்டிப் பார்த்தாள்.

"யாரு டெஸ் இது?"

"நீதான்."

"நானா?" நாற்காலியை இழுத்துப்போட்டு உட்கார்ந்தாள். "இடுப்பெல்லாம் இருக்கே."

அகலத்தை நசுக்கியதில் கிளப் பெண்கள் அத்தனை பேரும் கரும்புக் கழியாக நின்றார்கள். ஆனால் கொடுவாவும் நசுங்கி ஒரு சாணாகியிருந்தது. டெஸ் நெற்றியில் அடித்துக்கொண்டான். அகலம் குறைந்தால் உயரமும் அதே கணக்கில் குறைய வேண்டும் என்று ஒரு வரி சேர்த்தான். மீன் மீனாயிற்று. லொரேனும் லொரேன் ஆனாள்.

"பழையபடி மாத்து."

"மீன் போயிடும்மா."

"மீன் ஆத்துல இருக்கு. கிளப்புக்கு வரப்போறது நான்."

"அப்ப உன்னை வெட்டிட்டு மீனை மட்டும் போடறேன்."

அவள் பார்த்தாள்.

"சும்மா சொன்னேன்," என்றான். "மத்தவங்க எல்லாரும் ஒல்லியாவே இருக்கட்டும். நம்ம படத்துக்கு மட்டும் இந்த வரி."

"ஊரே ஒல்லி, நான் மட்டும் பூசணிக்காயா?"

"உண்மைன்னு ஒண்ணு இருக்குல்ல."

லொரேன் நாற்காலியைத் திரைக்கு இன்னும் கிட்டே இழுத்துக்கொண்டாள். பிறகு குழைந்த குரலில், "அந்த ஒரே வரியா இவ்வளவும் பண்ணுது?" என்றாள்.

டெஸுக்கு உச்சி குளிர்ந்துவிட்டது. கல்யாணமான நாளாக அவன் வேலையைப் பற்றி அவள் கேட்டதில்லை. "ஒரே வரி. முன்னாடி இந்தக் குறியைப் போட்டா தூங்கிடும். எடுத்தா முழிச்சுக்கும்." எந்தச் சாவியைத் தட்ட வேண்டும் என்றுகூடக் காட்டிக்கொடுத்தான்.

"நீ பெரிய ஆளுதான்," என்று அவன் தலையைத் தடவிவிட்டுப் போனாள். அப்போதாவது அவன் யோசித்திருக்கலாம்.

விழாவில் ஒவ்வொரு கரும்புக்கும் கைதட்டல். கொடுவாவின் முறை வந்தது. டெஸ் பீர் டம்ளரோடு எழுந்து மெர்வ் பக்கம் திரும்பினான்.

"இப்பப் பாரு."

திரையில் ஒல்லி டெஸ், ஒல்லி லொரேன். நடுவில் ஒரு சாண் மீன்.

மெர்வ் நிதானமாகப் பார்த்தான். "தெரியாமக் கேக்கறேன் மாப்ளே. ரொம்பச் சின்னதுன்னுதான் ஆத்துல விட்டியா?"

டெஸ் மனைவி பக்கம் குனிந்தான். "என்ன பண்ணினே நீ?"

"தூங்குது," என்றாள் அவள். "எழுப்பாதே."

கிளப் செயலாளர் பெவர்லி திரையையும் லொரேனையும் மாறி மாறிப் பார்த்தாள். "எப்படிடி இப்படி இளைச்சே?"

"இவரு பிடிக்கற மீனைப் பாத்தீங்கல்ல? அதைத் தின்னா உடம்பு எங்க வைக்கும்?"

சிரித்து ஓய்ந்து ஒவ்வொருவராகக் கிளம்பினார்கள். மெர்வ் விரலால் சாண் காட்டிக்கொண்டே போனான். கிளப் குலுக்கல் சீட்டில் பரிசாக விழுந்த இறைச்சித் தட்டைத் தூக்கிக்கொண்டு லொரேன் போனாள். டிவியை அணைத்துவிட்டுக் கடைசியாக டெஸ் நடந்தான். வீடுவரை நடந்துதான் போனான். கார்ச் சாவி அவளிடம் இருந்தது.