ட்ரான்சிற்றரின் ஒரு பகல் கொழும்பு

விமானத்தில் ஒருமுறைகூட ஏறாமல், ஊரில் பாதிப்பேரின் விமானப் பயணத்தைக் கெடுத்த மனிதர் உலகத்திலேயே ஒருவர்தான். அவர் எங்கள் உடுப்பிட்டி ட்ரான்சிற்றர்.

வெளிநாட்டிலிருந்து வருகிறவர்கள் விடிய கட்டுநாயக்காவில் இறங்கினால், யாழ்ப்பாண பஸ் இரவுதான். இடையில் கொழும்பில் ஒரு பகல் 'ட்ரான்சிற்' கிடைக்கும்; அவருக்குப் பட்டப்பெயர் அதில் வந்ததுதான். அந்தப் பகலுக்குக் கால்மணிக்கொரு வேலையாக அட்டவணை எழுதி, கேட்டவனுக்கும் கேளாதவனுக்கும் தபாலில் அனுப்பிவிடுவார். 'ஒன்பது மணி: குளிப்பு. தலைக்கு வார்க்கக்கூடாது, தடிமன் வரும். ஒன்பதே கால்: தேத்தண்ணி. பக்கத்து மேசைக்காரனோடு கதைக்கக்கூடாது.' இந்த ரீதியில் போகும்.

ஒரே குறை, அவர் அறிந்த கொழும்பு எண்பத்துமூன்று ஆடியோடு நின்றுவிட்டது. அங்கே கிளாக்கராக இருந்தவர், தமிழரின் வீடும் கடையும் எரிந்த கலவரத்தில் உடுத்த சாரத்தோடு அகதிக் கப்பலில் வந்திறங்கினார். பிறகு அந்தத் திசையில் தலைவைத்தும் படுக்கவில்லை. ஆனால் அட்டவணையில் மத்தியானச் சாப்பாடு மட்டும் எப்போதும் வெள்ளவத்தையில் அவர் வழமையாகச் சாப்பிட்ட சைவக்கடையில்தான்.

"அண்ணை, அந்தக் கடை எரிஞ்சு போச்சு. வெறும் சுவர்தான் நிக்குது" என்று போய்வந்தவன் சண்டைக்கு வருவான்.

"அப்ப அடுத்த கடைக்கு நடக்கப் பத்து நிமிசம் கூட்டிப்போடுறன்" என்பார். கடையை மட்டும் வெட்டமாட்டார்.

எண்பத்தாறில் என் அண்ணன் நைஜீரியாவில் கணக்கு வாத்தியார். ஐயா படுக்கையில் விழுந்ததால் அவரைப் பார்க்கப் புறப்பட்டான். அவன் ஆகாயத்தில் இருக்கும்போதே ஐயா கண்ணை மூடிவிட்டார். மூத்த மகன் கொள்ளி வைக்கவேண்டும் என்று உடலுக்கு மருந்தேற்றி வைத்துக்கொண்டு காத்திருந்தோம்.

சாவுச் செய்தியை வருகிறவனுக்கு வாசல்வரை மறைப்பது எங்கள் ஊர் வழக்கம். பெரியப்பா பந்தலில் நின்று கட்டளையே போட்டுவிட்டார். "அவனுக்கு மூச்சுக் காட்டக்கூடாது. ஐயாவுக்குக் கொஞ்சம் கடுமை எண்டு மட்டும் சொல்லுங்கோ. அழுதுகொண்டு வந்தால் வழியிலை சென்றியிலை மறிச்சு ஆமிக்காரன் பஸ்ஸாலை இறக்கிப்போடுவான்."

மூலையில் இருந்த ட்ரான்சிற்றர் எழும்பினார்.

"அப்ப வீட்டுக்குப் போற ஒழுங்கை முகப்பிலை செத்தவீட்டுத் தோரணத்தைக் கண்டோ பிள்ளை அறியிறது? கொழும்பிலை ஒரு முழுப்பகல் கிடக்குது. நான் சொல்லுறன்."

"இஞ்சை இருந்துகொண்டு நீர் என்னெண்டு சொல்லுவீர்?" என்றார் பெரியப்பா.

"போய்த்தான்."

மூன்று வருடமாகக் கொழும்பு பஸ் நிற்கும் பக்கம்கூடப் போகாத மனிதர், அன்று பின்னேரமே குடையும் பென்சிலுமாக ஏறிவிட்டார். செத்தவீட்டில் சிரிக்கக்கூடாது. ஆனால் அந்தக் குடையைப் பார்த்து எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது.

மூன்றாம் நாள் காலை அண்ணன் வந்தான். தோரணத்தைக் கண்டு தடுமாறவில்லை. நேரே போய் அம்மாவைத் தாங்கிப் பிடித்துக்கொண்டான். நிதானமாகக் கொள்ளி வைத்தான்.

முப்பத்தோராம் நாள் அந்தியேட்டி முடிந்த பின், அண்ணனின் சேட்டுப் பொக்கற்றில் அந்த அட்டவணையைக் கண்டேன். அதே பென்சில் எழுத்து.

'பத்து மணி: தேத்தண்ணி, சீனி கூட. பத்தே கால்: செய்தி சொல்லுதல். பத்தரை முதல் பன்னிரண்டு வரை: காலிமுகத்திடல். கடலைப் பார்த்து வேண்டியமட்டும் அழவும். வீட்டில் நேரம் இராது. அங்கே அம்மா அழுவா. பன்னிரண்டே கால்: முகம் கழுவுதல். ஒரு மணி: சாப்பாடு, வெள்ளவத்தை சைவக்கடை.'

"அட, அந்தக் கடைக்கும் போனனீங்களோ?" என்று அண்ணனைக் கேட்டேன்.

"ஓம். அவர்தான் நடத்திக் கூட்டிக்கொண்டு போனவர். நான் கடற்கரையிலை அழுது முடிச்சிட்டன். அவர் அந்தச் சுவரிலை கையை வைச்சவர், பிறகு எடுக்கேல்லை. குழந்தைப்பிள்ளை மாதிரி அழுதார். அதுக்கு அட்டவணையிலை நேரம் போட்டிருக்கேல்லை. அரை மணித்தியாலம் பிந்திப்போனம்."

அந்த இடத்தில் இப்போது வேறு ஏதோ கடை. கொழும்புக்குப் போகும்போதெல்லாம் அதன் வாசலில் நிற்க நான் பத்து நிமிடம் கூட்டிப்போட்டுக்கொள்கிறேன்.