மூன்று நட்சத்திர வேகத்தடை

எழுதியவன் ஏட்டைக் கெடுத்தான், படித்தவன் பாட்டைக் கெடுத்தான் என்பார்கள். நான் இரண்டையும் ப்ரொஜெக்டர் போட்டுக் கெடுத்தவள்.

2014-இல் எம்.ஃபில். மாணவி. நெய்வேலியைச் சுற்றியுள்ள சாலைகளின் விபத்துச் சாவுகளைச் சாலைவாரியாக, ஆண்டுவாரியாக அடுக்கிப் பேனல் டேட்டா தயாரித்திருந்தேன். மைன்ஸில் வேலை பார்த்த அப்பா, ஷிப்ட் பஸ்ஸில் என் பெருமையைப் பேசிப் பேசியே டவுன்ஷிப் சாலைப் பாதுகாப்புக் கூட்டத்தில் எனக்கு அரை மணி நேரம் வாங்கிவிட்டார். (முதல் வரிசையில் இஸ்திரி போட்ட சட்டையோடு வேறு உட்கார்ந்திருந்தார், பாவம்!)

"வேகத்தடையோட ரெக்ரஷன் கோஎஃபிஷியன்ட் பாசிட்டிவ் சார். அதாவது, வேகத்தடை கூடினா சாவும் கூடுது. பக்கத்துல மூணு ஸ்டார் பாருங்க, தற்செயல்னு தள்ள முடியாது."

தலைமை அதிகாரி பேனாவைத் திறந்தார். "அப்ப இருக்கறதையும் எடுத்துடலாமா?"

"டேட்டா அப்படித்தான் சார் சொல்லுது."

"முதல்ல அந்த மைன்ஸ் ரோடு வளைவுல இருக்கறத எடுத்துடுவோம்" என்று எழுத ஆரம்பித்தார்.

பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தார். பெயர் அஞ்சலை, பக்கத்து ஊர், மைன்ஸில் கான்ட்ராக்ட் வேலை. தன் தெருவுக்கு வேகத்தடை கேட்டு மனுவோடு வந்தவர்.

"பாப்பா, எங்க வூட்டுக்காரரு ஷிப்ட் முடிச்சி சைக்கிள்ல வந்துகினு இருந்தாரு. அந்த வளைவுலதான் லாரி அடிச்சிது. அப்ப அங்க வேகத்தடையே இல்லம்மா. காரியம் முடிஞ்ச பொறவுதான் போட்டாங்க. உன் கணக்குல அவர எது கொன்னுச்சி?"

எங்கள் பக்கம் சாவு விழுந்தால்தான் வேகத்தடை போடுவார்கள்; சின்னப் பிள்ளைக்கும் தெரியும். என் அட்டவணையிலோ அந்தச் சாவும் அந்த வேகத்தடையும் ஒரே ஆண்டு, ஒரே வரி. நான் தடையைக் கொலைகாரனாக்கி, அடுத்த சாவுக்கும் வழி செய்துகொண்டிருந்தேன்.

"சார், எழுதாதீங்க!"

லேப்டாப்பை என் பக்கம் திருப்பினேன். முந்தைய ஆண்டே இருந்த தடைகளை மட்டும் எண்ணி, ஒவ்வொரு சாலையையும் அதனதன் பழைய ஆண்டுகளோடு ஒப்பிட்டுக் கணக்கை மறுபடி ஓட்டினேன். (ஆய்வுக்கு கைடாக இருந்த பேராசிரியர் தலைதலையாய் அடித்துக்கொண்டு சொன்ன முறைதான். நட்சத்திரம் கண்ட மயக்கத்தில் விட்டுவிட்டேன்.) அப்பா தன் செருப்பையே பார்த்துக்கொண்டிருந்தார்.

மைனஸ் வந்தது.

"கோஎஃபிஷியன்ட் நெகட்டிவ் சார். வேகத்தடை உயிரைக் காப்பாத்துது. நான் சொன்னது தப்பு" என்றேன். அதிகாரி எழுதியதை அடித்துவிட்டு, அஞ்சலையின் மனுவைக் கேட்டு வாங்கிக் கையெழுத்துப் போட்டார்.

எனக்குத் தெரிந்து எங்கள் பக்கத்தில் யாரும் சாகாமலே போட்ட முதல் வேகத்தடை அதுதான். இன்றும் அதன் முன்னால் அப்பா ஸ்கூட்டரை மெதுவாக்கிப் பின்னால் இருக்கும் என்னிடம் சொல்கிறார்:

"கெட்டியாப் புடிச்சுக்கம்மா, மூணு ஸ்டார் வருது."