கிழங்குத் திருநாளுக்கு லீவு கேட்ட கூரம்மா

ஒரு காட்டில் வருடத்துக்கு ஒரே ஒரு பொது விடுமுறைதான் இருந்தது. அதன் பெயர் கிழங்குத் திருநாள். அன்று சிங்கராஜா முதல் சில்வண்டு வரை யாரும் வேலை செய்யக் கூடாது. கூரம்மா என்கிற முள்ளம்பன்றி மட்டும் செய்யாமல் இருக்கக் கூடாது.

அந்தத் திருநாள் வந்த விதம் இது. ஏழு வருடத்துக்கு முன் மழை பொய்த்துக் காடே பட்டினி கிடந்தது. மண்ணுக்கடியில் வள்ளிக்கிழங்கு எங்கே இருக்கும் என்று கூரம்மாவுக்கு மட்டும் தெரியும். நகம் தேயத் தோண்டினாள், அவித்தாள், எல்லோரையும் கூப்பிட்டுப் பந்தி வைத்தாள். கரடி அவசரமாக விழுங்கி மூன்று முறை இருமியது. முயல் கூச்சப்பட்டு மரத்தைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்து சாப்பிட்டது. மறுவருடம் நல்ல மழை, நல்ல விளைச்சல். ராஜா அதே நாளைத் தேசியத் திருநாளாக அறிவித்தார். அன்றிலிருந்து எல்லோரும் மரத்தைப் பார்த்து உட்கார்ந்து, மூன்று முறை இருமிவிட்டுத்தான் சாப்பிடுகிறார்கள். கேட்டால் மரபு என்கிறார்கள்.

கூரம்மா தோண்டுவதும் மரபாகிவிட்டது. விடிந்ததிலிருந்து நானூறு கிழங்கு. பந்தி முடியும்போது அவளுக்கு மிஞ்சுவது கழுவ வேண்டிய பானை.

ஆற்றுக்கு அக்கரையில் அவளுடைய அக்கா செம்பி இருந்தாள். திருநாளுக்கு ஒரு வாரம் இருக்கும்போது போன் செய்தாள்.

"இந்த வருஷமாவது வாடி. ரெண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து சாப்பிட்டு எத்தனை காலமாச்சு! எனக்குக் கண்ணு வேற மங்கிக்கிட்டே வருது. உன் முகம் தெரியறப்பவே வந்துட்டுப் போ."

கூரம்மா திருநாள் அலுவலகத்துக்குப் போய் வரிசையில் நின்றாள். உச்சிவெயிலில் அவள் முறை வந்தது. மேசைக்குப் பின்னால் நரி இருந்தது.

"எதுக்கும்மா லீவு?"

"திருநாளுக்குங்க."

"அன்னைக்குத்தான் எல்லாருக்கும் லீவாச்சே?"

"எனக்கு மட்டும் வேலை போட்டிருக்கீங்களே."

நரி பதிவேட்டைப் புரட்டியது. "ஆமா. நீங்க வரலைன்னா கிழங்கு இல்லை. கிழங்கு இல்லைன்னா திருநாள் இல்லை. திருநாள் இல்லைன்னா லீவு இல்லை. இல்லாத லீவை நான் எப்படிம்மா குடுப்பேன்?"

"இந்தத் திருநாளை ஆரம்பிச்சு வச்சதே நான்தாங்க."

"அதுவும் இதுல இருக்கு. திருநாளைத் தொடங்கி வைத்தவருக்குச் சிலை, மாலை, அன்றைக்கு முழு ஓய்வு."

"அப்ப அதைக் குடுங்க."

"அவர் மறைஞ்ச பிறகு."

கூரம்மா அக்காவை நினைத்துக்கொண்டாள். "அதுக்குப் படிவம் இருக்கா?"

இருந்தது. இறந்தவர் நேரில் வந்து கையெழுத்திட வேண்டும் என்று அதில் போட்டிருந்தது. சாவுக்குக் காரணம் என்ற இடத்தில் 'வேலை' என்று எழுதினாள். நரி அதை அடித்து 'முதுமை' என்று திருத்திக்கொண்டது.

திருநாள் காலையில் கூரம்மாவின் சிலையைத் திறந்தார்கள். ராஜா அழுதார். இரண்டு நிமிடம் காடே மௌனமாக நின்றது. பரிசல் துறைக்குப் போகிற வழியில் கூரம்மாவும் நின்றாள். பக்கத்திலிருந்த காட்டுப்பன்றி கண்ணைத் துடைத்துக்கொண்டு அவளிடமே சொன்னது: "இதைப் பார்க்க நீ இல்லாம போயிட்டியே கூரம்மா."

"என்ன செய்யறது அண்ணே, நேரம் வந்துடுச்சு," என்று சொல்லிவிட்டு அவள் பரிசல் ஏறினாள்.

மதியம் பந்தியில் எல்லோரும் இலை போட்டு உட்கார்ந்தார்கள். கிழங்கு வரவில்லை. தோண்டத் தெரிந்தவர் யாரும் இல்லை. கற்றுக்கொள்ளலாம் என்று அணில் சொன்னது; அது அதிகப்பிரசங்கித்தனம் என்று உட்கார வைத்தார்கள். ராஜா ஆந்தையைக் கூப்பிட்டார். ஆந்தை பழைய ஓலைகளைப் பார்த்து, கிழங்குத் திருநாள் ஆதியிலிருந்தே உண்ணாநோன்பு நாள்தான், சாப்பிட்டதெல்லாம் பிற்காலத்துச் சீர்கேடு என்று அறிவித்தது. காடு முழுக்கப் பக்தியோடு பட்டினி கிடந்தது.

அக்கரையில் செம்பி தங்கையின் முகத்தை இரண்டு கையாலும் பிடித்து, வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இளைச்சுட்டியேடி."

"செத்துட்டேன்ல அக்கா," என்றாள் கூரம்மா. "இன்னும் ரெண்டு கிழங்கு வை."

நீதி: உங்கள் உழைப்பை நாடு மதிக்க வேண்டுமானால், இறந்துவிட்டதாக எழுதிக் கொடுங்கள். மூன்று நகல் இணைக்கவும்.