பேக்கரி கேக்கும் என் மகளின் முதல் செய்தியும்

கூரிங்கா,
திங்கள் காலை.

'கூரிங்கா வாரச்செய்தி' ஆசிரியர், மதிப்பிற்குரிய திரு. பார்டன் அவர்களுக்கு,

ஆட்டுக்கு உரோமம் கத்தரித்து ஓய்ந்துபோன மெர்வின் டக்வெல் பணிவுடன் எழுதிக்கொள்வது. தாங்களும் தங்கள் முதுகுவலியும் எப்படி? இங்கே மழை உண்டு, நாய்கள் நலம், நான் நலமில்லை.

முக்கியமானதை முதல் வரியிலேயே போட்டு உடைத்துவிட வேண்டுமாம். உங்களிடம் புதிதாக நிருபர் வேலைக்குச் சேர்ந்த என் மகள் டெகன் தினமும் எனக்குப் பாடம் எடுக்கிறாள். சரி, உடைத்துவிடுகிறேன்: புதன்கிழமை உங்கள் பத்திரிகை வெளிவந்தால் என் குடித்தனம் காலி.

அவள் வேலைக்குச் சேர்ந்ததிலிருந்து வீடு வீடாக இல்லை ஐயா. யார், என்ன, எங்கே, எப்போது, ஏன் என்று ஐந்து கேள்வி கேட்டால்தான் செய்தியாம். இதற்கு ஒரு பயிற்சியா? நான் பியர் கடையிலிருந்து திரும்பும்போதெல்லாம் என் மனைவி லொரெய்ன் முப்பது வருஷமாக இதைத்தானே கேட்கிறாள். போன வாரம் மழை வரும் என்றேன். ஆதாரம் யார் என்றாள் மகள். முழங்காலைக் காட்டினேன். ஒரு ஆதாரம் போதாது, இன்னொன்றும் அதையே சொல்ல வேண்டும் என்றாள். அடுத்த முழங்காலையும் காட்டினேன்.

அதுவரை சிரிப்பாகத்தான் இருந்தது. சனிக்கிழமை நம்மூர் வேளாண் கண்காட்சியில் லொரெய்னின் ஸ்பாஞ்ச் கேக்குக்கு முதல் பரிசு கிடைத்ததே, அங்கேதான் பிடித்தது சனி. அன்று காலை பார்த்து ஓவன் செத்துவிட்டது. எலி வயரைக் கடித்துவிட்டது என்று அவள் நம்பிக்கொண்டிருக்கிறாள்; உங்களுக்கு மட்டும் சொல்கிறேன், நனைந்த பூட்ஸைக் காய வைக்க முந்தின நாள் நான்தான் ஓவனுக்குள் வைத்து, ராத்திரி முழுக்க அணைக்க மறந்துவிட்டேன். அவள் அழுத அழுகையைப் பார்க்க முடியாமல் பக்கத்து ஊர் பேக்கரிக்கு வண்டியை விரட்டி ஒரு கேக் வாங்கிவந்தேன். ஒரு பக்கம் லேசாக அமுக்கிக் கோணலாக்கி, வீட்டில் சுட்டதுபோல ஆக்கினது அவள் கைவண்ணம். நடுவர் அந்தக் கோணலைத்தான் ரொம்பப் பாராட்டினார்.

பரிசு வந்த சந்தோஷத்தில், ராத்திரி சாப்பாட்டில், ரெண்டு பியருக்கு மேல, நான் வாயை வச்சுக்கிட்டு சும்மா இருந்தேனா? மகளிடம் பேக்கரி கேக் கதையைக் கொட்டிவிட்டு, கடைசியில், "இது நமக்குள்ள இருக்கட்டும்மா" என்றேன்.

"அதை முதல்லயே சொல்லி, நானும் சரின்னு சொல்லியிருக்கணும்ப்பா," என்றாள். "சொன்னதுக்கப்புறம் சொன்னா செல்லாது."

அதோடு விட்டாளா? குற்றம் சாட்டப்பட்டவர் தரப்பையும் கேட்கணுமாம். பெற்ற தாயிடம் ரெக்கார்டரை நீட்டி, "திருமதி டக்வெல், இதுக்கு உங்க பதில் என்ன?" என்றாள்.

"என் பதிலா? தட்டைக் கழுவி வச்சுட்டுப் போய்ப் படு," என்றாள் லொரெய்ன்.

அதையும் அப்படியே மேற்கோளாகப் போடப் போகிறாளாம். சொந்த அம்மாவைப் பற்றித் தானே எழுதுவது நியாயமில்லை என்பதால் செய்திக்கு மேலே வேறொரு நிருபர் பெயர் வருமாம். பெயர் போனால் போகட்டும், மானம் எங்களுடையதல்லவா?

அடுத்த மாதம் மாவட்டப் போட்டிக்கு லொரெய்ன்தான் நடுவர். அதற்குப் புது நீலத் தொப்பி வாங்கி, கண்ணாடி முன்னால் போட்டுப் போட்டுப் பார்த்துக்கொண்டிருந்தாள். இப்போது அது பெட்டிக்குள் போய்விட்டது. அந்தப் பெட்டியைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. கொட்டகையில் நாய்களோடு படுப்பதைக்கூடத் தாங்கிக்கொள்வேன். தயவுசெய்து அந்தச் செய்தியை நிறுத்துங்கள். அந்த இடத்தில் என் முழங்கால்களை வைத்து வானிலை அறிக்கை போடுங்கள்.

தங்கள் பத்திரிகை பெருகட்டும், தங்கள் முதுகு நிமிரட்டும்.

இப்படிக்கு,
மெ. டக்வெல்

பி.கு. (உறையின் பின்பக்கம்): தபால்காரரிடம் கொடுத்துவிட்டேன். "பத்திரிகை ஆபீஸுக்கு வர்ற கடிதமெல்லாம் உன் பொண்ணுதானேப்பா பிரிக்கிறா" என்கிறார். கைக்கு வந்த தபாலைத் திருப்பித் தரமாட்டாராம். உறைக்குப் பின்னால் எழுதிக்கொள்ளப் பேனா மட்டும் தருவாராம். டெகன், கண்ணு, பூட்ஸ் விஷயத்தை அம்மாகிட்ட சொல்லிடாதே. சொன்னதுக்கப்புறம் சொன்னா செல்லாதுன்னு தெரியும். அப்பனா கேக்கறேன்.